எம்.எல்.ஏ-வா, எம்.பி-யா, கவுன்சிலரா... யாரைப் பார்க்கணும்? மறந்துபோன பாடத்தைச் சொல்லித்தரும் கோட்டைப் பயணம்!

தெருவிளக்கு எரியவில்லை. யாரிடம் சொல்வது? ஊரில் ரயில் நிற்க வேண்டும். யாரிடம் கேட்பது? ஆளுநர் பெரியவரா, முதலமைச்சர் பெரியவரா? எம்.எல்.ஏ-வுக்கும் எம்.பி-க்கும் என்ன வித்தியாசம்?

எல்லாமே எட்டாம் வகுப்புக்குள் படித்து முடித்த பாடங்கள்தான். ஐந்து மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்ததை, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறோம். அந்தப் பாடத்தின் அருமை தெரிவது 35, 40 வயதில்தான். பட்டா மாறுதலுக்காகவும், அம்மாவின் முதியோர் ஓய்வூதியத்துக்காகவும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும்போது, `இது இங்கே இல்லைங்க, அங்கே போங்க' என்ற பதிலைக் கேட்கும்போது, `அன்னிக்கே ஒழுங்காப் படிச்சிருக்கலாமோ' என்று தோன்றும். அந்த வயதில் யாரிடமாவது கேட்கவும் கூச்சமாக இருக்கும்.

அந்தப் பாடத்தை மறுபடி படிக்கப் புத்தகம்தான் வேண்டும் என்றில்லை. வரலாறு, புவியியல், குடிமையியல் மூன்றும் நடந்துபோகும் தூரத்துக்குள் அடங்கிய இடம் சென்னையில் இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டையில் ஆரம்பித்து, எதிரே உயர் நீதிமன்றத்தைப் பார்த்து, ரிப்பன் மாளிகையில் முடித்தால், மொத்தம் மூன்று கிலோமீட்டர் சுமாருக்குத்தான் வரும். ஆனால், நம்மை ஆள்வது யார், எதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கணக்கு அந்தத் தூரத்துக்குள் பிடிபட்டுவிடும்.

ஒரே மதில்... உள்ளே இரண்டு அரசு!

`கோட்டை' என்றால் செய்திகளில் தமிழக அரசு என்று பொருள். `கோட்டையைப் பிடிப்பது யார்?' என்றுதான் தேர்தல் நேரத்தில் தலைப்பே வரும். ஆனால், கோட்டை மதிலுக்குள் இருப்பது மாநில அரசு மட்டுமல்ல.

தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் மாநில அரசுடையவை. அதே வளாகத்தில் ராணுவ அலுவலகங்களும் இருக்கின்றன. ராணுவம் மத்திய அரசின் கையில். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் தொல்லியல் துறையும், அது நடத்தும் அருங்காட்சியகமும் மத்திய அரசைச் சேர்ந்தவை. மதிலுக்கு வெளியே இருக்கும் கோட்டை ரயில் நிலையமும் மத்திய அரசின் ரயில்வேக்குச் சொந்தம். வாசலில் போக்குவரத்தைச் சரிசெய்யும் போலீஸ்காரர் மாநில அரசு ஊழியர். அவர் நிற்கும் நகரத்தில் குப்பை அள்ளுவது மாநகராட்சியின் வேலை.

அரசியல் சட்டம் அதிகாரங்களைப் பிரித்து வைத்திருப்பது இப்படித்தான். ராணுவம், ரயில், தபால், பாஸ்போர்ட், வங்கி போன்றவை மத்தியப் பட்டியல். காவல்துறை, பொதுச் சுகாதாரம், விவசாயம், நிலம் போன்றவை மாநிலப் பட்டியல். இரண்டு அரசுகளும் சட்டம் போடக்கூடியவை பொதுப் பட்டியல். கல்வி முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில் கொண்டுவந்த 42-வது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. இன்று நீட் தேர்வு பற்றி நடக்கும் வாதங்களைக் கேட்கும்போது, இந்த ஒரு வரியை நினைவில் வைத்திருந்தால் பாதி விஷயம் புரியும்.

கடல் எங்கே போச்சு?

கோட்டையின் கிழக்குப் பக்கம் நின்றால், முதலில் வரும் சந்தேகம் இதுதான். கப்பலில் வந்தவர்கள் கட்டிய கோட்டை, கடலிலிருந்து இவ்வளவு தள்ளியா இருக்கும்?

கட்டும்போது அப்படி இல்லை. அலைகள் ஏறக்குறைய கோட்டைச் சுவர் வரை வந்துபோன காலம் அது. கிழக்கு வாசலுக்குப் பெயரே `கடல் வாசல்.' அன்றைய மதராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் மசூலா படகுகள் கரைக்குக் கொண்டுவரும். கயிற்றால் தைத்த அந்தப் படகுகளையும் கட்டுமரங்களையும் ஓட்டிய உள்ளூர் மீனவர்கள் இல்லாவிட்டால் கம்பெனியின் வியாபாரமே இல்லை.

1870-களில் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். கடலுக்குள் கல் சுவர் நீண்டது. 1881-ல் வீசிய புயல் அதை உடைத்துப் போட, மறுபடியும் கட்டினார்கள். இங்கேதான் புவியியல் பாடம் ஆரம்பிக்கிறது. நம் கிழக்குக் கடற்கரையில், வருடத்தின் பெரும்பகுதி நாள்களில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். துறைமுகச் சுவர் அந்த மணலை மறித்தது. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து கடல் பின்வாங்கியது. கோட்டை கடலை விட்டுத் தள்ளிப்போனதும், மெரினா இவ்வளவு அகலமானதும் அதனால்தான். 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை அமைத்து `மெரினா' என்று பெயர் வைத்தார்.

வடக்குப் பக்கம் என்ன ஆச்சு? வர வேண்டிய மணல் வரவில்லை. ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்துக்கொண்டே போக, அங்கே பாறாங்கற்களைக் கொட்டித் தடுப்பு போட வேண்டியதாயிற்று. ஒரே ஊரில் ஒரு பக்கம் காற்று வாங்கும் கடற்கரை. இன்னொரு பக்கம் மீனவர் குடியிருப்புகளை மிரட்டும் கடல். இரண்டுக்கும் காரணம் ஒரே சுவர். எங்கோ எடுக்கும் ஒரு முடிவுக்கு வேறு யாரோ விலை கொடுப்பார்கள் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் தேட வேண்டியதில்லை. புதிதாக ஒரு துறைமுகமோ தடுப்புச் சுவரோ வரும்போது, பக்கத்து ஊர் மக்கள் ஏன் கேள்வி கேட்கிறார்கள் என்பதும் இங்கே புரியும்.

துணி வாங்க வந்தவர்கள்!

1639-ம் ஆண்டு ஆகஸ்ட் 22-ம் தேதியைத்தான் இன்று `மெட்ராஸ் டே' என்று கொண்டாடுகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்சிஸ் டே, இந்தப் பகுதியை ஆண்ட தாமர்லா வெங்கடாத்ரி நாயக்கரிடம் நிலம் பெற்றதைக் குறிக்கும் நாள் அது. நாயக்கரின் தந்தை பெயர் சென்னப்பர். அவர் பெயரால்தான் `சென்னப்பட்டினம்' என்கிறார்கள்.

படை எடுக்கவா வந்தார்கள்? துணி வாங்க வந்தார்கள். இந்தப் பக்கத்துப் பருத்தித் துணி விலை மலிவு என்பதுதான் டே இந்த மணல்மேட்டைத் தேர்ந்தெடுக்கப் பெரிய காரணம். துணியைப் பாதுகாக்கக் கிடங்கு, கிடங்கைப் பாதுகாக்கச் சுவர், சுவரைப் பாதுகாக்கச் சிப்பாய்கள் என்று வளர்ந்து, கடைசியில் ஒரு நாட்டையே பிடித்துக்கொண்டார்கள்.

இடையில் ஒருமுறை கோட்டை அவர்கள் கையை விட்டும் போனது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். ஐரோப்பாவில் போட்ட உடன்படிக்கையின்படி 1749-ல் திருப்பிக் கொடுத்தார்கள். இங்கே இருந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டமன்ற வளாகத்தின் முகப்பில் பளபளக்கும் கருங்கல் தூண்களுக்கும் இதில் ஒரு கதை உண்டு. கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அவற்றைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். 1761-ல் புதுச்சேரியை ஆங்கிலேயர்கள் பிடித்த பிறகு தூண்கள் திரும்பி வந்தன.

உள்ளே இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680-ல் திறக்கப்பட்டது. இந்தியாவில் உள்ள ஆங்கிலிக்கன் தேவாலயங்களில் மிகப் பழையது. கூரையில் மரம் கிடையாது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி தடிமனான வளைவுக் கூரை. ராபர்ட் கிளைவின் திருமணம் 1753-ல் நடந்தது இங்கேதான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேலின் திருமணமும் இங்கேதான். அவர் மதராஸின் கவர்னராக இருந்தவர்.

சுவருக்கு அந்தப் பக்கம்...

கோட்டைக்குள் ஐரோப்பியர்கள் வசித்த பகுதி `வெள்ளையர் நகரம்.' வெளியே வடக்கில் நெசவாளர்களும் சாயக்காரர்களும் வியாபாரிகளும் வசித்த பகுதி `கறுப்பர் நகரம்.' இந்தப் பெயர்கள் அன்றைய வரைபடங்களிலேயே இருக்கின்றன.

பிரெஞ்சுப் படை 1758 இறுதியில் மறுபடி கோட்டையை முற்றுகையிட்டது. வெளியே இருந்த வீடுகள் எதிரி ஒளிந்து சுட வசதியாக இருப்பதைக் கம்பெனி கவனித்தது. சுவருக்கு அருகில் இருந்த வீடுகளையெல்லாம் இடித்துத் திறந்தவெளி ஆக்கினார்கள். மக்கள் இன்னும் வடக்கே குடிபெயர்ந்தார்கள். `இதற்குள் யாரும் வீடு கட்டக் கூடாது' என்று எல்லைக் கற்களும் நட்டார்கள். 1773-ம் ஆண்டைச் சேர்ந்த அப்படி ஒரு தூண், பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதைத் தாண்டித்தான் பஸ் பிடிக்கிறார்கள். பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜின் நினைவாக, புதிய கறுப்பர் நகரத்துக்கு `ஜார்ஜ் டவுன்' என்று பெயர் வந்தது.

அன்று வீட்டை இழந்தவர்களுக்கு ஓட்டு இல்லை, முறையிடப் பிரதிநிதி இல்லை. இன்றைக்கு அரசு ஒரு நிலத்தை எடுக்க வேண்டுமென்றால் சட்டப்படி அறிவிப்பு கொடுக்க வேண்டும், இழப்பீடு தர வேண்டும். எதிர்ப்பு இருந்தால் நீதிமன்றம் போகலாம். இடையில் நடந்த மாற்றத்துக்குப் பெயர்தான் ஜனநாயகம்.

கொடிமரம் சொல்லும் பாடம்!

கோட்டையின் முன்னால் உயரமான கொடிமரம். முன்பு தேக்குமரமாக இருந்தது. இப்போது இரும்பு. 1947 ஆகஸ்ட் 15 அன்று விடியற்காலையில் இந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியை அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பட்டுத்துணியில் ஆன அந்தக் கொடியைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை போகலாம்.

சுதந்திர தினத்தில் இங்கே கொடி ஏற்றுவது முதலமைச்சர். குடியரசு தினத்தில் சென்னையில் கொடி ஏற்றுவது ஆளுநர். ஏன் இந்த வித்தியாசம்? 1973 வரை இரண்டு நாள்களிலும் மாநிலங்களில் ஆளுநர்தான் ஏற்றினார். டெல்லியில் பிரதமர் ஏற்றும்போது, மாநிலத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் ஏன் ஏற்றக் கூடாது என்று அன்றைய முதல்வர் கருணாநிதி மத்திய அரசிடம் கேட்டார். 1974 முதல் எல்லா மாநிலங்களிலும் சுதந்திர தினத்தன்று முதலமைச்சர்கள் கொடியேற்றுகிறார்கள்.

`ஆளுநர் பெரியவரா, முதல்வர் பெரியவரா?' என்ற கேள்விக்கு விடையும் இதில் இருக்கிறது. ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அரசு ஆணைகள் அவர் பெயரில்தான் வெளியாகும். ஆனால், ஒருசில விஷயங்கள் தவிர, அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் அவர் நடக்க வேண்டும். மக்களிடம் ஓட்டு வாங்கி வருபவர், சட்டமன்றத்துக்குப் பதில் சொல்பவர் முதலமைச்சர்.

234 பேர்... 118 என்ற எண்!

இந்தக் கோட்டையில் சட்டமன்றத்தின் கதை நீளமானது. 1919-ம் ஆண்டுச் சட்டப்படி தேர்தல் நடந்து, 1921 ஜனவரியில் மதராஸ் சட்ட மேலவை கூடியது. அப்போது சொத்து உள்ளவர்களுக்கும் வரி கட்டுபவர்களுக்கும்தான் ஓட்டு. பெண்களுக்கு அதுவும் இல்லை. அதே 1921-ல், சொத்துத் தகுதி உள்ள பெண்களும் ஓட்டுப் போடலாம் என்று மதராஸ் மேலவை தீர்மானம் நிறைவேற்றியது. இந்தியாவின் மாகாணங்களில் இதற்கு முதல் வழி காட்டியது மதராஸ்தான். சில ஆண்டுகளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்த மேலவையின் உறுப்பினராகி, துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறை ஒழிய வேண்டும் என்று அவர் எழுப்பிய குரல், 1947-ல் சட்டமாக வந்தது.

`ஏழை, பணக்காரர், ஆண், பெண், படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் ஒரு ஓட்டு' என்று ஆனது, 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில்தான். அப்போது மதராஸ் மாநிலத்தில் 375 உறுப்பினர்கள். ஆந்திராவும் மலபாரும் இதில் சேர்ந்திருந்தன. 1953-ல் ஆந்திரா பிரிந்தது. 1956 நவம்பர் 1-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலபார் கேரளாவுக்குப் போக, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மிடம் வந்தன. `தமிழ்நாடு' என்ற பெயருக்கு 1967 ஜூலை 18-ல் பேரவை தீர்மானம் போட்டது. 1969 ஜனவரி 14 முதல் அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது. மாநிலத்தின் பெயரையும் எல்லையையும் மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம்தான் இருக்கிறது. அதனால்தான் தீர்மானத்துக்கும் பெயர் மாற்றத்துக்கும் நடுவே ஒன்றரை ஆண்டு.

இன்று தொகுதிகள் 234. பாதிக்கு மேல் என்றால் 118. ஆட்சி அமைக்க அந்த எண்ணைத்தான் எல்லோரும் துரத்துகிறார்கள். முதல்வரையும் சேர்த்து, மொத்த உறுப்பினர்களில் 15 சதவிகிதத்துக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது. 2003-ல் வந்த சட்டத்திருத்தம் அது. அதனால் இங்கே அதிகபட்சம் 35 பேர்.

சபை நடக்கும் நாள்களில், அனுமதிச் சீட்டு இருந்தால் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். பேரவைத் தலைவர் ஒரு திருக்குறளையும் அதன் பொருளையும் சொல்ல, சபை ஆரம்பிக்கும். முதலில் கேள்வி நேரம். `எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எப்போது வருவார்?', `பாலம் எப்போது கட்டுவீர்கள்?' என்று உறுப்பினர்கள் கேட்க, அமைச்சர்கள் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் எம்.எல்.ஏ உங்களுக்காக என்ன கேட்டார் என்று தெரிந்துகொள்ள வேண்டிய நேரம் அதுதான்.

ஒரு சட்டம் பிறப்பதும் இங்கேதான். முதலில் மசோதா. பிறகு விவாதம். அதன் பின் வாக்கெடுப்பு. ஆளுநர் ஒப்புதல் தந்ததும் அரசிதழில் வெளியாகிச் சட்டமாகிறது. அதைச் செயல்படுத்தும் பொறுப்பு, அதே வளாகத்தில் நாமக்கல் கவிஞர் மாளிகையில் இயங்கும் துறைச் செயலகங்களுக்கு. சட்டம் போடுவது ஒரு கை, நடத்துவது இன்னொரு கை.

தட்டிக் கேட்கும் கட்டடம்!

மூன்றாவது கை, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சிவப்புச் செங்கலும் கோபுரங்களுமாக நிற்கும் சென்னை உயர் நீதிமன்றம். நீதிமன்றம் தொடங்கிய ஆண்டு 1862. இப்போதுள்ள கட்டடம் திறந்தது 1892. பழைய கறுப்பர் நகரத்து வீடுகளை இடித்து உண்டான நிலத்தில்தான் நீதிமன்றம் எழுந்தது. வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலை இருக்கிறது.

முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு `எம்டன்' என்ற ஜெர்மன் கப்பல் மதராஸ் மீது குண்டு போட்டது. ஒரு குண்டு இந்த வளாகத்தின் சுவரிலும் விழுந்தது. அதைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. `அவன் பெரிய எம்டன்' என்று வீட்டில் தாத்தா பாட்டி சொன்னால், அந்த வார்த்தை வந்தது இப்படித்தான்.

கோட்டைக்குள் போட்ட சட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணாக இருந்தால், அதை ரத்துசெய்யும் அதிகாரம் இந்தக் கட்டடத்துக்கு உண்டு. அரசே தவறு செய்தாலும் கேள்வி கேட்கலாம். ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்தால், `ஆட்கொணர்வு மனு' போடலாம். தென்மாவட்ட மக்கள் சென்னைக்கு அலைய வேண்டாம் என்று, 2004-ல் மதுரைக் கிளை தொடங்கினார்கள்.

`வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே' என்பவர்களுக்கு இலவசச் சட்ட உதவி இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இந்த உதவி உண்டு. வட்ட அளவிலேயே சட்டப்பணிகள் குழுக்கள் இயங்குகின்றன. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

வாசலுக்கு வந்த அரசு!

அங்கிருந்து சென்ட்ரல் பக்கம் நடந்தால் வெள்ளை வெளேர் என்று ரிப்பன் மாளிகை. மதராஸ் மாநகராட்சி 1688-ல் தொடங்கியது. இந்தியாவில் உள்ள நகராட்சிகளில் இதுதான் பழையது. மக்கள்மீது இருந்த அன்பால் கம்பெனி இதைத் தொடங்கவில்லை. கம்பெனியே வரி போட்டால் மக்கள் கட்ட மாட்டார்கள், தங்களில் சிலர் உட்கார்ந்து போடும் வரி என்றால் கட்டுவார்கள் என்பது லண்டனில் இருந்த முதலாளிகளின் கணக்கு. நோக்கம் எதுவானாலும், `வரி கட்டுகிறவனுக்குக் கேட்க உரிமை உண்டு' என்ற எண்ணத்துக்கு அது விதையானது. உள்ளாட்சிக்கு 1882-ல் வழிவகுத்த ரிப்பன் பிரபுவின் பெயரைத்தான் 1913-ல் திறந்த இந்த மாளிகைக்கு வைத்தார்கள்.

இன்று சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள், 200 கவுன்சிலர்கள். ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடக்க வேண்டும் என்று, 1993-ல் அமலுக்கு வந்த 73, 74-வது சட்டத்திருத்தங்கள் சொல்கின்றன. ஆனால், 2016 அக்டோபரில் சென்னை மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பிறகு, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் தெருப்பிரச்னையைச் சொல்ல வார்டில் கவுன்சிலர் இல்லை. சிறப்பு அதிகாரிகள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். `கவுன்சிலர் தேர்தல்தானே' என்று அலட்சியமாக நினைப்பவர்கள், அந்த ஆண்டுகளை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி, கிராம சபை. ஊரின் வாக்காளர்கள் அத்தனை பேரும் அதற்கு உறுப்பினர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை எழுந்து நின்று கேட்கலாம். யாருடைய சிபாரிசும் தேவையில்லை.

எதற்கு எந்தக் கதவு?

* தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால்: நகரத்தில் வார்டு கவுன்சிலர், மாநகராட்சி அல்லது நகராட்சி. கிராமத்தில் ஊராட்சித் தலைவர். சென்னைக்குப் புகார் எண் 1913. ரிப்பன் மாளிகை திறந்த ஆண்டும் அதுவே என்பதால், மறக்காது!

* பட்டா, வருமானச் சான்றிதழ், முதியோர் ஓய்வூதியம்: வட்டாட்சியர் அலுவலகம். அங்கே வேலை நடக்கவில்லை என்றால், திங்கள்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள்.

* அரசு ஆஸ்பத்திரி, பஸ் வசதி: உங்கள் எம்.எல்.ஏ. இவை மாநில அரசின் பொறுப்பு. முதல்வரின் உதவி மைய எண் 1100.

* ரயில் நிறுத்தம், தபால், பாஸ்போர்ட்: உங்கள் எம்.பி. தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர், மாநிலங்களவைக்கு 18 பேர் போகிறார்கள்.

* வாக்காளர் பட்டியலில் பெயர்: 18 வயது முடிந்தவர்கள் படிவம் 6 கொடுக்க வேண்டும். உதவி எண் 1950. தேர்தல் ஆணையம் தொடங்கிய ஆண்டும் அதுதான்.

* எங்கே கேட்டும் பதில் இல்லையா? 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். `என் மனு இப்போது யார் மேஜையில் இருக்கிறது?' என்றுகூடக் கேட்கலாம்.

இந்தப் பட்டியலை அறியாமல் வெளியூரிலிருந்து ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் செலவு செய்து கோட்டைக்கு மனுவோடு வருபவர்கள் உண்டு. கோட்டையில் உள்ள முதலமைச்சரின் தனிப்பிரிவு மனுக்களை வாங்கிக்கொள்கிறது. ஆனால், பட்டா சம்பந்தமான மனு என்றால், அது சுற்றிச் சுற்றி அவர்கள் ஊர் வட்டாட்சியரிடம்தான் போய்ச் சேரும். சரியான கதவு தெரிந்தால் மிச்சமாவது கால்நடையும் காசும் மட்டுமல்ல. `நமக்குத் தெரியாது' என்பதை வைத்து இடையில் பணம் பார்க்கும் ஆட்களிடமிருந்தும் தப்பிக்கலாம்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

புறநகர் ரயிலில் வந்தால், கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கலாம். மெட்ரோவில் வந்தால், உயர் நீதிமன்றம் நிலையம். வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு என்பதால், அடையாள அட்டையை மறக்க வேண்டாம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்தக் கட்டடம் 1790-களில் வியாபாரிகள் கூடும் இடமாக இருந்தது. மதராஸின் முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது அதன் மாடியில்தான். தலைமைச் செயலகத்துக்குள்ளும் ராணுவப் பகுதிக்குள்ளும் அனுமதி இல்லாமல் போக முடியாது. போட்டோ எடுக்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

வெயிலுக்கு முன் கோட்டையை முடித்துவிட்டால், உயர் நீதிமன்றத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, பாரிமுனையில் அந்த 1773 எல்லைக்கல்லைத் தேடலாம். மாலையில் ரிப்பன் மாளிகை. குழந்தைகளைக் கூட்டிப்போனால், அவர்களுடைய சமூக அறிவியல் புத்தகத்தையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பாடத்தை அவர்களுக்குச் சொல்லித்தரும் சாக்கில், அப்பா அம்மாவும் கூச்சமில்லாமல் மறுபடி படித்துவிடலாம்.